கீழ்வரிசையில் ஒரு பல்

டோங் லாம் கிராமம், தாய் பின்
1999 மார்ச் 4

அன்பு மியெனுக்கு,

அண்ணி லுவா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். உன் நலத்தையும் எழுது.

டெட் புத்தாண்டுப் பெருநாளுக்கு நீ வரவில்லை. அகழ்வு வேலை என்று ஒரே ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டாய். நாலாயிரம் வருஷமாக மண்ணுக்குள் கிடந்த எலும்புகள் இன்னும் நாலு நாள் உனக்காகக் காத்திருக்காதா? உன் அண்ணனுக்குப் படையல் வைத்தபோது உன் பங்குக் கிண்ணத்தையும் கோபத்தில் பக்கத்தில் வைத்தேன். வின் பார்த்துவிட்டு, "ஏம்மா, அத்தை என்ன செத்தா போயிட்டாங்க, கிண்ணம் வைக்கிறே?" என்று கேட்கிறான். முப்பது வயதாகியும் அவன் நாக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை. மருமகளுக்கு இந்தத் தடவையும் தங்கவில்லை. ஐந்தாம் மாதம். போன தடவை மாதிரியேதான், காலையில் கிணற்றடிக்குப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆண் குழந்தை. அவள் இன்னும் எழுந்து அடுப்படிக்கு வரவில்லை. வின் காலையில் வயலுக்குப் போகிறான், இருட்டினால் வருகிறான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான்.

கோயிலில் அருள் வந்து சொல்லும் அம்மாளிடம் போனேன். உனக்கு இதெல்லாம் பிடிக்காது, தெரியும். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "உன் வீட்டுக்கு வந்தவரு முழுசா வரலைடி. எதையோ விட்டுட்டு வந்திருக்காரு. அதைத் தேடி வாசல்ல நிக்கிறாரு. பொறக்குறதுக எப்படி உள்ள வரும்?"

எனக்கு உடனே பல் நினைவுக்கு வந்தது. தொண்ணூற்றேழில் உன் அண்ணன் எலும்புகளைக் கழுவிப் பேழையில் வைத்த நாள் உனக்கு மறந்திருக்காது. தோவான் மாமா வாசனைத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவி, பெயர் சொல்லிச் சொல்லி என் கையில் கொடுத்தார். தலை வந்தது, தாடை வந்தது, தோள் வந்தது என்று. தாடையைத் தரும்போது சொன்னார்: "கீழ்வரிசையில இடது பக்கம் ஒண்ணு இல்லைம்மா. குழி நல்லாத்தான் இருக்கு. உசுரோட இருக்கும்போது விழுந்தது இல்லை. மண்ணுக்குள்ளதான் எங்கயோ கிடக்கு." அன்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குவாங் ட்ரிப் போர்முனையில் இருபத்தாறு வயதில் செத்தவன். அவனை இருபத்தைந்து வருஷம் கழித்து முதுகுப்பையில் சுமந்து, ரயிலில் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, வேளாவேளைக்கு அவனுக்கும் ஒரு கிண்ணம் சோறு வாங்கி வைத்துக் கூட்டிவந்தவள் நான். ஒரு பல் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

தப்பு செய்துவிட்டேன். அடுத்த மாதம் நடவு முடிந்ததும் குவாங் ட்ரிக்குப் போகிறேன். கண் தெரியாத அந்தக் குறிசொல்லி அம்மா, அவன் இங்கேதான் கிடக்கிறான் என்று காட்டிய மேடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சல்லடை எடுத்துப் போய் அந்தக் குழி மண் முழுவதையும் சலிப்பேன். நீதான் மண் சலிப்பதில் பெரிய ஆளாயிற்றே, எந்தக் கண் சல்லடை வேண்டும் என்று எழுது.

ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அண்ணி,
லுவா


ஹனோய்
1999 மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

மியென் எழுதுவது. உங்கள் கடிதம் நேற்று வந்தது. வின்னின் மனைவியை நினைத்து இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. அவளை மாவட்ட மருத்துவமனையில் காட்டுங்கள். இரண்டு முறையும் ஐந்தாம் மாதம் என்றால் அதற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கும். நான் இங்கே ஒரு மருத்துவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

அண்ணி, குவாங் ட்ரிக்குப் போகாதீர்கள். மண் சலிப்பது என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். நாங்கள் ஒரு பல்லைத் தேடிப் பத்துப் பேர் பதினைந்து நாள் சலிக்கிறோம், அப்படியும் பாதி கிடைப்பதில்லை. நீங்கள் போகிற மண்ணில் இன்னும் குண்டு கிடக்கிறது. போன மாதம்கூட அங்கே மாடு மேய்த்த ஒருவருக்குக் கை போனதாகப் பேப்பரில் வந்தது. நீங்கள் மண்வெட்டியோடு போய் அந்த மேட்டைக் கொத்தினால் என்ன ஆகும்? பல் விழுவது சகஜம். பழைய எலும்புகளில் பல் முழுதாக இருப்பதே அபூர்வம். அதனால் யாரும் வாசலில் நிற்பதில்லை.

டெட்டுக்கு வராததற்கு மன்னியுங்கள். வேலை உண்மையாகவே அதிகம். எங்கள் அகழ்வு மேட்டில் இதுவரை முப்பத்தொரு புதைகுழி திறந்திருக்கிறோம். அந்தக் காலத்தில் இந்தச் சமவெளியில் நெல் வந்துவிட்டதா, இல்லை தினையும் மீனுமாகத்தான் வாழ்ந்தார்களா என்பதுதான் எங்கள் கேள்வி. ஒருவர் தின்றதெல்லாம் எலும்பில் தங்கிவிடுகிறது, அண்ணி. எலும்பிலிருந்து பசையைப் பிரித்து எடுத்து ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். அவர்கள் அதை எரித்து, வருகிற கரியை அளந்து எண்களாக அனுப்புகிறார்கள். நெல் ஒருவிதமான கரியைத் தரும், தினையும் மக்காச்சோளமும் வேறுவிதம். ஒரு குழந்தை, மூன்று வயதிருக்கும், சாவதற்கு முந்திய மாதங்களில் பட்டினி கிடந்திருக்கிறது. உடம்பு தன் சதையையே தின்ன ஆரம்பித்தால் அதுவும் எலும்பில் பதிந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை.

போகவேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்,
மியென்


டோங் லாம்
1999 மார்ச் 22

மியென்,

நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் பட்டினி கிடந்த குழந்தைக்காக நீ ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாய். என் வீட்டில் ஐந்து மாதத்தில் செத்த குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டு எழுதுகிறேன் என்கிறாய். சரி, கேட்டு எழுது.

நீ பயப்படுகிறாய் என்று புரிகிறது. எனக்கும் பயம்தான். நம் தெருக்கோடி ஹொவான் பழைய இரும்பு பொறுக்க அந்தப் பக்கம் போனவன்தான், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தான். நேற்று அவனிடமே போய் வழி கேட்டேன். "அக்கா, ஒத்தப் பல்லுக்காகவா போறீங்க? என் காலு ரெண்டும் அங்கதான் கிடக்கு, பாத்தா அதையும் எடுத்துட்டு வாங்க" என்று சிரித்தான். பிறகு எங்கே குச்சி வைத்துக் குத்தவேண்டும், எங்கே கால் வைக்கக் கூடாது என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினான்.

மியென், நீ படித்தவள். நான் வாதாட வரவில்லை. எழுபத்து நாலில் படையிலிருந்து அந்தக் காகிதம் வந்ததே, அன்று நம் இருவருக்கும் அழக்கூடத் தெம்பில்லை. அதில் எங்கே புதைத்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. உன் அப்பாவும் அம்மாவும் அதைக் கேட்டுக் கேட்டே கண்ணை மூடினார்கள். என்னைக் கட்டிக்கொண்டு போக ஆள் வராமலா போனது? அவன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் எங்கேயும் போகமுடியவில்லை. இப்போது அவன் வயல் ஓரத்தில் இருக்கிறான். காலையில் நடவுக்குப் போகும்போது பார்க்கிறேன், வரும்போது பார்க்கிறேன். அவனுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது. திதிச் சோற்றை அவன் எந்தப் பக்கம் வைத்து மெல்வான் என்று நினைத்தாலே கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி ரயில். சீட்டு வாங்கிவிட்டேன்.

லுவா


ஹனோய்
1999 மார்ச் 27

அண்ணி,

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது என்று நம் ஊர்ப் பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்ததும் சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

பல் குவாங் ட்ரியில் இல்லை. நான்தான் எடுத்தேன்.

கழுவுவதற்கு முந்திய மாலை நீங்கள் சாமான் வாங்கச் சந்தைக்குப் போனீர்கள். பையின் பக்கத்தில் காவல் இருக்கச் சொன்னீர்கள். அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எங்கள் வேலைக்கு ஓர் ஒப்பு வேண்டும், அண்ணி. இந்தச் சமவெளியின் சோற்றை மட்டுமே தின்று வளர்ந்தவர் என்று சத்தியமாகச் சொல்லக்கூடிய ஒருவர். அப்படி ஒருவரின் எண் தெரிந்தால்தான் பழைய எலும்புகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கமுடியும். பாக் அண்ணன் தின்ற ஒவ்வொரு கவளமும் எனக்குத் தெரியும். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்துதானே சாப்பிட்டோம். சோறு, வயல் நண்டுச் சாறு, கீரை, பஞ்சத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உலகத்தில் எனக்கு அப்படித் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. கேட்டால் தரமாட்டீர்கள் என்று தெரியும். கேட்காமல் எடுத்தேன். கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மறுநாள் உங்கள் பக்கத்தில் நின்று அழுதேன்.

என்னைத் திட்டுங்கள், அடியுங்கள். ஆனால் போகாதீர்கள். பல்லை இத்துடன் சிவப்புத் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். இதுதான் அது. பேழைக்கு மேலே மண்ணில் வைத்துப் புதைத்தால் போதும், திறக்கவேண்டாம்.

மியென்


டோங் லாம்
1999 ஏப்ரல் 8

மியென்,

அந்தப் பைக்கு யாரைக் காவல் வைத்தேன் என்று நினைத்து நினைத்து இரண்டு நாள் வாய் கசந்தது. பரீட்சைக்குப் போக உன்னை இரவல் சைக்கிளில் பதினாலு கிலோமீட்டர் வைத்து மிதித்தேனே, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளா இவள் என்று. உன்னைத் திட்டாத வார்த்தை இல்லை. ஓட்டுநர் நின்று கேட்டுவிட்டு, "அக்கா, இதையும் அவங்ககிட்ட சொல்லணுமா?" என்றார். "ஒண்ணு விடாம சொல்லு" என்றேன். சொல்லியிருக்கமாட்டார், நல்ல மனிதர்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மூன்றாம் நாள் மனசு லேசாகிவிட்டது. பல் இருக்கிறது, குண்டுக் காட்டுக்குப் போகவேண்டாம், அவன் முழுசாகிவிடுவான். சீட்டைக் கிழித்தேன். மருமகளிடம் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அன்றுதான் எழுந்து வந்து அடுப்பு மூட்டினாள்.

மேலே புதைத்தால் போதும் என்று நீ எழுதியிருந்தாய். வாயில் இருக்கவேண்டியதை மண்ணில் வைத்தால் அவன் எப்படி எடுத்துக்கொள்வான்? ஒருமுறை கழுவி மூடிய பேழையை மறுபடி திறக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். நம் ஊரில் யாரும் செய்ததில்லை. தோவான் மாமா முடியவே முடியாது என்றார். "இந்தக் கையால எத்தனையோ பேரைக் கழுவியிருக்கேன். ஒருத்தரையும் ரெண்டாந்தடவை எழுப்புனதில்லை. படுத்தவனைப் பாயை உருவி எழுப்புற மாதிரிம்மா அது." அவர் காலில் விழுந்தேன். வின்னும் விழுந்தான்.

நேற்று விடியுமுன் தார்ப்பாய் கட்டித் திறந்தோம். மாமா தாடையை எடுத்து, உன் சிவப்புத் துணியை அவிழ்த்து, பல்லைக் குழியில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். விளக்கை நான்தான் பிடித்திருந்தேன். தாடையை வெளிச்சத்துக்குக் கிட்டே கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இடம் சரிதான்மா. ஆனா ஆடுது. பக்கத்துப் பல்லையெல்லாம் பாரு, மேடும் பள்ளமுமா வாலிபப் பல்லு. இது தட்டையாத் தேஞ்சு, பழுப்பேறிக் கிடக்கு. ஒரே வாயில ஒரு பல்லு மட்டும் எப்படிம்மா கெழவியாகும்?"

வின் என்னைப் பார்த்தான். நான் விளக்கைத் தாழ்த்தினேன். அந்தப் பல்லைத் துணியில் திரும்ப முடிந்து, பேழையை மூடி, இருட்டோடு இருட்டாக மண்ணைத் தள்ளினோம். வழியெல்லாம் மாமா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார், யாரிடம் என்று தெரியவில்லை.

மியென், நீ எனக்கு அனுப்பியது யாருடைய பல்? அவனுடையது எங்கே? இந்தத் தடவை எனக்குப் பொய் எழுதாதே. கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

லுவா


ஹனோய்
1999 ஏப்ரல் 15

அண்ணி,

இது வரை நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் அனுப்பப் போகிறேன்.

நான் அனுப்பியது அகழ்வில் கிடைத்த பல். பதினேழாம் எண் புதைகுழி, ஒரு பெண்ணுடையது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவள். இழுப்பறையில் இருந்த பற்களில் அதே இடத்துப் பல்லாக, இருப்பதிலேயே குறைவாகத் தேய்ந்ததாகப் பார்த்து எடுத்தேன். அந்தக் காலத்துத் தானியத்தில் கல்லும் மண்ணும் இருக்கும், எல்லாருக்கும் பல் தேய்ந்துதான் இருக்கும். நீங்கள் துணியைக்கூட அவிழ்க்காமல் புதைத்துவிடுவீர்கள் என்று நம்பினேன். பேழையைத் திறப்பீர்கள் என்று நினைக்கவே இல்லை. உங்களை ரயில் ஏறவிடாமல் தடுத்தால் போதும் என்றுதான் இருந்தது.

நான் எடுத்த பல் இப்போது இல்லை. வேரை அறுத்துப் பொடியாக்கி, அமிலத்தில் ஊறவைத்து, பசையைப் பிரித்து அனுப்பிவிட்டோம். எரித்துத்தான் அளக்கமுடியும். மேல்பாதியின் பொடி ஒரு சிட்டிகை கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது.

இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள், அண்ணி. வின் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முடிவு ஜனவரியில் வந்தது. டெட்டுக்கு நான் வராததற்குக் காரணம் அதுதான். பல்லின் வேர் சின்ன வயதில் உருவாகிறது, அதன் பிறகு மாறுவதில்லை. பெரியவனாகிப் படையில் என்ன சாப்பிட்டாலும் அதில் ஏறாது. அந்தப் பல்லுக்குரியவர் சிறு வயதில் சோறு தின்று வளரவில்லை. மக்காச்சோளம். வருஷம் முழுக்க, வேளாவேளைக்கு மக்காச்சோளம். மீனோ நண்டோ கிட்டத்தட்டக் கிடையாது. எண்ணைப் பார்த்ததும் குப்பி மாறிவிட்டது என்று நினைத்தேன். மிச்சம் இருந்ததை மறுபடி அனுப்பினேன். அதே எண். நம் ஊரிலும் பஞ்ச மாதங்களில் சோளம் தின்றிருக்கிறோம். ஆனால் அது இந்த அளவுக்கு வராது. இப்படி ஓர் எண் வரவேண்டுமென்றால் ஹா ஜியாங் மாதிரி வடக்கு மலையில், பாறை இடுக்கில் சோளம் விதைத்து, மாவை அவித்துத் தின்கிற வீட்டில் பிறந்திருக்கவேண்டும். மலைவாழ் ஹ்மோங் இனப் பையனாக இருக்கலாம். அங்கிருந்தும் நிறையப் பேர் படைக்குப் போனார்கள்.

அது பாக் அண்ணன் இல்லை, அண்ணி.

நான் எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அண்ணனாக ஆக்கமுடியவில்லை. ஒப்புக்காக எடுத்தேன், எதோடும் ஒப்பவில்லை. உலகத்தில் நான் அறிந்த ஒரே சாப்பாடு என்று நினைத்தது வேறு யாரோ ஒருவருடைய சாப்பாடாக இருந்தது. அந்தக் கண் தெரியாத அம்மா பொய் சொன்னாரா, தப்பாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மேட்டில் கிடந்தவர்களில் ஒருவரைக் காட்டிவிட்டார்.

சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் நடவுக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பதை நான் ஏன் பறிக்கவேண்டும் என்று. பல்லை எடுக்காமல் இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. பொய் எழுதாதே என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

பழையபடி இருங்கள், அண்ணி. அவருக்குப் படையல் வையுங்கள். எங்கேயும் போகவேண்டாம். நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள், அடுத்த பேருந்தில் வருகிறேன்.

மியென்


டோங் லாம்
1999 ஏப்ரல் 29

மியென்,

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். வின்னும் பக்கத்தில் இருந்தான். நான் நிறுத்திய இடத்தில் அவன் வாங்கிப் படித்தான். படித்து முடித்து, மடித்து, என் மடியில் வைத்தான். "அப்படின்னா ரெண்டு வருஷமா நான் யாரு முன்னாடிம்மா தலை குனிஞ்சு நின்னேன்?" என்று கேட்டான். அதன் பிறகு உன் பெயர் எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். நீ வரவேண்டாம்.

எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. உனக்குச் சிரிப்பாக இருக்கும். இரண்டு வருஷம் தினமும் வரப்பில் உட்கார்ந்து அவனோடு பேசியிருக்கிறேன். பெண்டாட்டி புருஷனிடம் மட்டும் பேசுகிற பேச்செல்லாம் பேசியிருக்கிறேன். இருபத்தைந்து வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பேச்சு. எல்லாவற்றையும் யாரோ ஒரு அம்மா பெற்ற பையன், என் மகனைவிடச் சின்னவனாகக்கூட இருந்திருப்பான், படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறான். பாவம், எழுந்து போகவும் முடியாமல்.

பிறகு வேறு ஒன்று வந்தது. அதுதான் இன்னும் போகவில்லை. நான் உன் அண்ணனோடு வாழ்ந்தது மொத்தம் நாற்பத்தொரு நாள். கல்யாணத்துக்குப் பத்து நாள், பிறகு விடுப்பில் வந்ததெல்லாம் சேர்த்து. நேற்று எண்ணிப் பார்த்தேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாடையை இரண்டாம் தடவை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேனே, இது பாக்கினுடையது இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுடையதுதான் என்றும் தோன்றவில்லை. அவன் பல் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை, மியென். சிரித்தான், நிறையச் சிரித்தான், அது நினைவிருக்கிறது. பல் நினைவில்லை. ஜப்பானில் யாரோ எரித்துப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

நீ பல்லை எடுத்ததை நான் மன்னித்திருப்பேன். அண்ணன் தின்ற சோறு உனக்குத் தெரியும் என்று எழுதினாயே, அதைப் படித்தபோதே பாதி மன்னித்துவிட்டேன். ஆனால் யாரோ ஒருத்தியின் பல்லைக் கொடுத்து, ஊரே செய்யாத காரியத்தை என்னைச் செய்யவைத்தாய். அந்தப் பையன் ஏற்கெனவே ஒருமுறை இடம் மாறி, பெயர் மாறி, அந்நிய ஊரில் படுத்திருந்தான். அவனை மறுபடி எழுப்பி வாயைத் திறக்கவைத்தேன். அதை என்னால் மன்னிக்கமுடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன்.

அவனை இங்கேயே வைத்துக்கொள்கிறேன். கல்லில் இருந்த பெயரைச் சுண்ணாம்பு பூசி மறைத்தாயிற்று. ஹா ஜியாங்கில் எந்தக் கதவைத் தட்டி, உங்கள் பையனா இவன் என்று கேட்பது? சோளம் தின்றவன் என்பதைத் தவிர நமக்கு என்ன தெரியும்? எல்லா அம்மாக்களும் ஆமாம் என்பார்கள். நானும் அப்படித்தானே சொன்னேன். அந்தக் குப்பியில் இருக்கிற பொடியைக் காகிதத்தில் மடித்து வின் பெயருக்குத் தபாலில் போடு. பேழையைத் திறக்காமல் மேலே புதைக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னுடைய அந்தப் பெண்ணின் பல்லை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அவளையும் குறையில்லாமல் வைத்துக்கொள்.

மருமகள் மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வந்தாள். கர்ப்பப்பை வாய் பலவீனமாம், அடுத்த தடவை ஒரு தையல் போட்டுப் பார்க்கலாம் என்றார்களாம். நீ சொன்னது சரி. வாசலில் யாரும் நிற்கவில்லை. அப்படியென்றால் பாக் வீட்டு வாசலுக்கு இன்னும் வந்தே சேரவில்லை என்றுதானே அர்த்தம்? அவன் அங்கேயே கிடக்கிறான். இரண்டு வருஷமாக நான் தேடுவதை நிறுத்திவிட்டேன், அவனுக்குத் தெரியாமல்.

புதுச் சீட்டு வாங்கிவிட்டேன். மே மூன்றாம் தேதி. இந்தத் தடவை கண் தெரியாத அம்மாவிடம் போகப்போவதில்லை. ஹொவான் போட்டுக் கொடுத்த கோட்டை வைத்துக்கொண்டு அந்த மேட்டின் ஒரு மூலையிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் ரயில் ஏறியிருப்பேன். நிலையத்துக்கு வந்து நிற்காதே. வின் தடுத்தான். நேற்று மாலை பையைக்கூட ஒளித்துவைத்தான். பிறகு அவனே எடுத்துக்கொண்டுவந்து, "கால் வைக்கிற இடம் பாத்து வைம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இனி நீ எனக்கு எழுதவேண்டாம், நானும் எழுதமாட்டேன். கடைசியாக ஒரு வேலை மட்டும் இருக்கிறது. அதை நீதான் செய்யமுடியும்.

அங்கிருந்து ஒரு நாள் யாராவது ஒரு பையைக் கொண்டுவந்து வின்னிடம் கொடுத்து, இதுதான் உன் அம்மா என்று சொன்னால், அவன் உடனே நம்பிவிடுவான். அவன் என் பிள்ளை. அவனை ஊதுவத்தி கொளுத்தவிடாதே. யாரையும் கேட்காமல் ஒரு பல்லை எடுத்துக்கொண்டு போ. இந்தத் தடவை நானே தருகிறேன். எரித்துப் பார். பிறந்ததிலிருந்து இந்த ஊர்ச் சோறு, வயல் நண்டு, கீரை. என்ன தின்றேன் என்று உனக்குத் தெரியும், நீயும் அதே தட்டில்தான் தின்றாய். ஒத்து வந்தால் நான்தான் என்று அவனிடம் சொல். ஒத்து வராவிட்டால் வந்தவளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, என்னைத் தேடச் சொல்.

பாக்கின் மனைவி,
லுவா